கன்வெர்ட்டரை வெட்டிக் காட்டுங்கள்

"கன்வெர்ட்டர் போயாச்சு, மாத்தணும்" என்று ஒரு பட்டறையில் சொன்னால் கார்க்காரர் கேட்க வேண்டியது ஒன்றுதான். கழற்றிய பழைய டார்க் கன்வெர்ட்டரை லேத்தில் மாட்டி வெட்டி, உள்ளே எது கெட்டிருக்கிறது என்று கண்ணால் காட்டச் சொல்ல வேண்டும். புதுசு வாங்குவதா, பழையதையே சரிசெய்வதா, கோளாறு வேறு எங்கோ இருக்கிறதா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகு. களியக்காவிளையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பட்டறை வைத்திருக்கிறவன் நான். இதை எழுதுவது என் தொழில்காரர்கள் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் வெட்டிப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பை நம்பி ஜனங்கள் லட்சக்கணக்கில் பணம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

முன்பெல்லாம் எங்கள் பக்கம் ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கல்ஃபிலிருந்து திரும்பியவர் வீட்டு முற்றத்தில் நிற்கும் பெரிய டொயோட்டாதான். இன்று டிஎன் 75, டிஎன் 74, கேஎல் 19, கேஎல் 20 என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கத்து நம்பரிலும் ஆட்டோமேட்டிக் வருகிறது. ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா, ஸ்கார்ப்பியோ-என், எக்ஸ்யூவி 700, ஹாரியர், கிரெட்டா டீசல், புது பிரெஸ்ஸா, எர்டிகா என எல்லாவற்றிலும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த ரகம் வந்துவிட்டது. 2014-ல் செலேரியோவோடு வந்த ஏ.எம்.டி. வேறு சங்கதி. அதில் கன்வெர்ட்டரே கிடையாது. சாதாரண கிளட்சைத்தான் நம் காலுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் மிதிக்கிறது. அப்படிப்பட்ட ஏ.எம்.டி. வண்டிக்காரர் ஒருவரிடமே "கன்வெர்ட்டர் மாத்தணும்" என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருந்ததை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். தன் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஆளிடம் எதைச் சொல்லியும் பணம் வாங்கிவிடலாம்.

கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, வெல்டு வைத்து மூடிய இரும்புக் கூடு ஒன்று இருக்கும். அதுதான் கன்வெர்ட்டர். உள்ளே முழுக்க ஆயில். எஞ்சினோடு சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது. அந்த வேகத்தில் டர்பைன் சுற்றி கியர்பாக்ஸைத் திருப்புகிறது. திரும்பிவரும் ஆயிலைச் சரியான கோணத்தில் மறுபடி இம்பெல்லருக்குள் தள்ளிவிட நடுவில் ஸ்டேட்டர் நிற்கிறது. அது ஒரு பக்கம் மட்டுமே சுற்றும். மறுபக்கம் உள்ளேயிருக்கும் ஒன்வே கிளட்ச் பிடித்துக்கொள்ளும். வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காவது இந்த ஸ்டேட்டரால்தான். வேகம் பிடித்ததும் லாக்-அப் கிளட்ச் ஒட்டிக்கொண்டு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகச் சேர்த்துவிடும்.

ஜெர்மன் எஞ்சினியர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கியது கப்பலுக்காக. காருக்கு 1948-ல் பியூக் டைனாஃப்ளோ மூலமாக வந்தது. லாக்-அப் அடுத்த வருஷமே பேக்கார்டில் வந்துவிட்டது. ஆக, தத்துவம் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. வெல்டு வைத்து மூடியிருப்பதால்தான் அது புதிராகத் தெரிகிறது. அந்த மூடியின் மறைவில் நல்ல வேலையும் மோசமான வேலையும் ஒரே பெயிண்டோடு, ஒரே விலையோடு விற்பனைக்கு நிற்கின்றன.

வெட்டுவது பெரிய வித்தையில்லை. லேத் சக்கில் மாட்டி, கம்பெனி போட்ட வெல்டின் மேலேயே டூலைக் கொடுத்து மெல்ல மெல்லச் சீவ வேண்டும். வெல்டு தீர்ந்ததும் கூடு இரண்டாகப் பிரிந்து மிச்ச ஆயில் டிரேயில் கொட்டும். நான் முதலில் பார்ப்பது அந்த ஆயிலைத்தான். கருத்து, கரிந்த நெடி அடித்தால் லாக்-அப் கிளட்சின் லைனிங் எரிந்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்க்கும்போது அலுமினியத் தூள் மினுக்கினால் ஸ்டேட்டரோ அதைத் தாங்கும் வாஷரோ உரசியிருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் ஊசித் துண்டுகள் இருந்தால் நீடில் பேரிங் நொறுங்கியிருக்கிறது.

அடுத்தது லாக்-அப் லைனிங். கோளாறின் பாதிக் கதை அதில் இருக்கிறது. லைனிங் சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்து, அது ஒட்டும் மூடியின் உள்பக்கம் நீலம் பாரித்திருந்தால், கிளட்ச் நெடுநாள் வழுக்கியபடியே ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அதாவது, அழுத்திப் பிடிக்கப் போதிய ஆயில் பிரஷர் வரவில்லை. குற்றவாளி கன்வெர்ட்டர் இல்லை. கியர்பாக்ஸின் வால்வ் பாடியில் தேய்ந்துபோன ஏதோ ஒரு துவாரம், இல்லாவிட்டால் சோலனாய்டு. லைனிங்கின் கனம் குறையாமல், அப்படியே தகடாகப் பெயர்ந்து வந்திருந்தால் பசை கைவிட்டிருக்கிறது. ஒட்டியவர் சரியான சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவில்லை, அல்லது ஆயிலில் தண்ணீர் போயிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கூட்டைத் திரும்ப வெல்டு வைத்தவர் சென்டர் பார்க்கவில்லை. மூன்றுக்கும் கார் ஓட்டுகிறவர் சொல்லும் குறை ஒன்றுதான்: "அறுபது எழுபதில் லேசாக் கால் வச்சா வண்டி நடுங்குது." வெளியிலிருந்து பார்க்கிற எவராலும் மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது.

பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஏழு சீட்டு வண்டி இதற்கு நல்ல உதாரணம். வேறொரு பட்டறையில் கன்வெர்ட்டர் மாற்றியிருந்தார்கள். சில மாசத்தில் அதே நடுக்கம். இரண்டாவது தடவையும் கன்வெர்ட்டர்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். உரிமையாளர் ஓய்வு பெற்ற ஆசிரியை. "மோனே, இனி எனிக்கு பைசா இல்ல, எதுவானாலும் நேரா சொல்லு" என்றார். வெட்டினேன். லைனிங் வட்டம் முழுக்க ஒரே அளவில் தேய்ந்து, மூடி நீலமாக இருந்தது. அந்த அம்மையைக் கூப்பிட்டு அந்த நீலத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பிறகு வால்வ் பாடியைப் பிரித்து, லாக்-அப் பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வை அதன் துவாரத்தில் வைத்து ஆட்டிக் காட்டினேன். ஆடக்கூடாத அளவுக்கு ஆடியது. மெக்கானிசம் ஒன்றும் படிக்காத அவருக்கு அது புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் தடவையே யாராவது வெட்டிக் காட்டியிருந்தால் ஒரு கன்வெர்ட்டரின் விலை அவர் கையில் மிஞ்சியிருக்கும்.

லைனிங்குக்கு அடுத்தது ஸ்டேட்டர். அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். இரண்டு பக்கமும் சுற்றினால் ஒன்வே கிளட்ச் போய்விட்டது. அந்த வண்டி சிக்னலிலிருந்து கிளம்பவே திணறியிருக்கும், ஓட ஆரம்பித்தால் சரியாக ஓடியிருக்கும். எந்தப் பக்கமும் சுற்றாமல் இறுகியிருந்தால் நேர்மாறு: கிளம்புவது நன்றாக இருக்கும், நாற்கரச் சாலையில் வேகம் ஏறாது, ஆயில் கொதிக்கும். இழுவை இல்லை என்பதை "வண்டிக்கு வலி இல்ல" என்று இந்த இரண்டு வண்டிக்காரர்களுமே சொல்வார்கள். எப்போது வலியில்லை என்று கேட்கிற பொறுமை மெக்கானிக்குக்கு வேண்டும்.

இந்தப் பார்வையெல்லாம் எனக்கு ஷார்ஜாவில் கிடைத்தது. அங்கே இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜில் பல வருஷம் வேலை பார்த்தேன். நிசான் பேட்ரோலில் டி.பி.48 என்ற 4.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு டர்போ ஏற்றி மணலில் பந்தயம் விடுவது எமிரேட்டுக்காரர்களுக்கு உயிர். லிவா பக்கத்தில் தல் மொரீப் என்று ஒரு மணல் மேடு. சுமார் 300 மீட்டர் உயரம், 50 டிகிரி சரிவு. அதில் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு உச்சிக்குப் போக வேண்டும். அந்த வண்டிகள் பலவற்றில் இருக்கும் கியர்பாக்ஸ் 1964-ல் வந்த அமெரிக்க டர்போ 400. எஞ்சின் ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டும். கன்வெர்ட்டர் செய்தவரின் வேலை எப்படிப்பட்டது என்பது அங்கே சில விநாடிகளில் தெரிந்துவிடும்.

எனக்கு அங்கே ஆசானாக இருந்தவர் நெய்யாற்றின்கரைக்காரர். புது கன்வெர்ட்டர் பெட்டியைப் பிரித்ததும் அவர் வெளி வெல்டின் அழகைப் பார்க்க மாட்டார். கழுத்து வழியாக டார்ச் அடித்து இம்பெல்லர் தகடுகளின் வேரைப் பார்க்க முடியுமா என்று பார்ப்பார். சாதாரணக் காரின் கன்வெர்ட்டரில் தகடுகளின் காதுகளைக் கூட்டில் வெட்டிய பள்ளங்களில் செருகி மடக்கியிருப்பார்கள். அமைதியாக ஓடும் காருக்கு அது போதும். பந்தயத்துக்கு உலையில் வைத்துப் பித்தளை அல்லது செம்பு உருக்கி ஒவ்வொரு தகட்டின் வேரையும் கூட்டோடு ஒட்டவைக்க வேண்டும். ஒட்டாத தகடு பாரம் தாங்காமல் சாய்ந்து படுத்துவிடும். வெட்டிப் பார்த்தால் தகடுகள் எல்லாம் ஒரே திசையில் மடிந்து கிடக்கும்.

பெட்டி மேல் "4000 ஸ்டால்" என்று ஒட்டியிருப்பதை அவர் நம்பவே மாட்டார். வண்டியைப் பிரேக்கில் நிறுத்தி முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம். வரை ஏறி நிற்கிறதோ அதுதான் ஸ்டால். அது கன்வெர்ட்டரின் குணம் மட்டுமில்லை, எஞ்சினின் முறுக்குவிசையையும் பொறுத்தது. ஒரே கன்வெர்ட்டர் ஒரு எஞ்சினில் 3000 காட்டும், பலமான எஞ்சினில் 4000 காட்டும். எஞ்சின் எது என்று கேட்காமல் நம்பர் மட்டும் சொல்லி விற்பவர் அளந்து பார்க்காதவர்.

கன்வெர்ட்டர் ஏற்கும் முறுக்குவிசை அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தை 10 சதவீதம் குறைத்தால், அதே வேகத்தில் ஏற்கும் விசை 41 சதவீதம் குறைந்துவிடும். அதனால்தான் ஸ்டாலை ஏற்றுவதற்கு நல்ல பில்டர் சரியான விட்டத்தையும் சரியான ஸ்டேட்டரையும் தேர்ந்தெடுக்கிறார். குறுக்குவழிக்காரர் பழைய கூட்டிலேயே தகடுகளை இடுக்கியால் வளைத்து ஸ்டாலைக் கூட்டுகிறார். இரண்டும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி கிளம்பும். வேறுபாடு கடைசியில் தெரியும். நேர் கியரில், லாக்-அப் இல்லாமல், எஞ்சின் 6000 சுற்றும்போது கியர்பாக்ஸ் 5600 சுற்றினால் வழுக்கல் சுமார் 7 சதவீதம், ஏற்கத்தக்கது. தகடு வளைத்ததில் கியர்பாக்ஸ் 5100 காட்டும். 15 சதவீதச் சக்தி சூடாகி ஆயிலில் கரைந்துவிட்டது. ஆசான் இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நோட்டில் எழுதுவார். கஸ்டமர் அரபிக்காரரானாலும் மலையாளியானாலும் நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைப்பார். அந்தப் பழக்கத்தைத்தான் நான் ஊருக்குக் கொண்டுவந்தேன்.

இன்னொன்றும் அங்கேதான் பார்த்தேன். அதிக வேகத்தில் உள்ளே ஆயில் அழுத்தம் கூடினால் கூடு வீங்கும். பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் வீங்கிய கூடு ஒரு பக்கம் கியர்பாக்ஸின் ஆயில் பம்பையும் மறுபக்கம் எஞ்சினின் கிராங்கையும் நெட்டித் தள்ளும். கிராங்கின் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்து, எஞ்சினே போய்விட்டது என்று எஞ்சின் பில்டரைத் திட்டுவார்கள். இதற்காகவே பந்தயக் கன்வெர்ட்டருக்குத் தடித்த தகடு வைத்துப் பலப்படுத்துகிறார்கள். அமெரிக்க டிராக் பந்தயத்தில் கன்வெர்ட்டரைத் தாங்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கே எஸ்.எஃப்.ஐ. 29.1 என்று தனியாகப் பாதுகாப்புத் தரம் இருக்கிறது. உடைந்தால் காலை வெட்டும் பொருள் அது.

நம் ஊரில் தல் மொரீப் இல்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் 1990-லிருந்து இருக்கிறது, நாம் இருக்கும் இடத்திலிருந்து வெகுதூரம். ஆனால் டீசல் வண்டிக்கு ரீமேப் செய்து முறுக்குவிசையைக் கூட்டிக்கொள்ளும் பழக்கம் மார்த்தாண்டம் வரைக்கும் வந்துவிட்டது. எஞ்சின் தாங்குகிறது என்று சொல்லிக் கூட்டுகிறார்கள். லாக்-அப் லைனிங் தாங்குமா என்று யாரும் கேட்பதில்லை. அது கம்பெனி கணக்கிட்ட விசைக்கு மேல் கொஞ்சம்தான் மிச்சம் வைத்துச் செய்தது. ரீமேப் செய்துகொண்டு பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிட்டு, கன்வெர்ட்டர் கம்பெனியின் தவறு என்று சண்டை போடுவது நியாயமில்லை. வெட்டினால் அதுவும் தெரிந்துவிடும்.

கன்வெர்ட்டரைச் சாகடிப்பதில் பெரும்பங்கு மாட்டுகிறவருடையது என்று நான் உறுதியாகச் சொல்வேன். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் இடத்தில் இரண்டு டவல் பின் இருக்கும். கழற்றும்போது விழுந்து காணாமல் போகும், போல்ட் இருக்கிறதே என்று அப்படியே மாட்டுவார்கள். கியர்பாக்ஸ் ஒரு இழை விலகி உட்காரும். சில வாரத்தில் கன்வெர்ட்டர் கழுத்தில் புஷ் தேய்ந்து முன் சீல் ஒழுகும். கன்வெர்ட்டரை உள்ளே தள்ளும்போது ஷாஃப்ட், ஸ்டேட்டர், பம்ப் மூன்றிலும் அது படிப்படியாக இறங்கி உட்கார வேண்டும். கடைசிப் படி இறங்காமல் போல்ட் முறுக்கினால், ஸ்டார்ட் செய்த அடுத்த நிமிஷமே பம்ப் உடையும். டயல் கேஜ் வைத்துக் கழுத்து எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. டொயோட்டாவின் சர்வீஸ் புத்தகங்களில் அதற்கு 0.30 மில்லிமீட்டர் என்று எல்லை எழுதியிருக்கிறது. ஒரு டயல் கேஜுக்கு ஆகும் காசு ஒரு நல்ல ஸ்பேனர் செட்டுக்கு ஆகும் காசைவிடக் குறைவு.

கூலரும் அப்படித்தான். பழைய கன்வெர்ட்டர் நொறுங்கியபோது அதன் துகள்கள் ஆயிலோடு போய் கூலரின் மெல்லிய குழாய்களில் தங்கியிருக்கும். கூலரைக் கழுவாமல், முடியாவிட்டால் மாற்றாமல், புது கன்வெர்ட்டர் மாட்டினால் அந்தத் துகள்தான் புதியதற்கு முதல் சாப்பாடு. மறுபடி கோளாறு வரும், "பார்ட்ஸ் டூப்ளிகேட்" என்று பழி பார்ட்ஸ் கடைக்குப் போகும். பல நேரம் பார்ட்ஸ் நல்லதாகவே இருந்திருக்கும்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் மூழ்கிய வண்டிகள் கைமாறிக் கைமாறி எல்லை தாண்டியும் வந்தன. கியர்பாக்ஸ் மேல் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக நீர் இறங்கியிருந்தால் ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். ஆயிலை மாற்றிவிட்டால் நிறம் சரியாகிவிடும், விற்கவும் ஆள் கிடைக்கும். ஆனால் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசைக்குள் போன தண்ணீர் ஆயிலோடு வெளியே வருவதில்லை. கீழே டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஆயிலில் பெரும்பகுதி வெளியே வராது என்பதும் பலருக்குத் தெரியாது. பழைய ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் இன்ஷூரன்ஸ் விவரத்தில் வெள்ள இழப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

"வாழ்நாள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். பி.எம்.டபிள்யூ. உள்படப் பல கம்பெனிகளுக்கு எட்டு கியர் பெட்டி செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. ஜெர்மனியின் குளிரில் இருக்கிறவர்கள் சொல்லும் கணக்கு அது. ஆயில் சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் சுமார் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஏப்ரல் வெயிலில், களியக்காவிளைச் சந்தைக்கு முன்னால் மீன் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஊர்கிற வண்டிக்கு நான் 80,000-லேயே நின்றுவிடுவேன்.

கார்க்காரரை மட்டும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. நம் மாவட்டத்தில் கன்வெர்ட்டர் அதிகம் உழைப்பது ஜேசிபியில். வீட்டு மனை சமன் செய்யும் 3டிஎக்ஸ் ஒவ்வொன்றிலும் கன்வெர்ட்டர் இருக்கிறது. ஆபரேட்டர் மண் குவியலில் பக்கெட்டைக் குத்தி, மெஷின் நகராமல் நிற்க, ஆக்சிலரேட்டரை விடாமல் மிதித்துக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் எஞ்சின் கொடுக்கும் சக்தி முழுக்க ஆயிலில் சூடாகிறது. கார் மேனுவல்களில் ஸ்டால் டெஸ்ட்டை ஐந்து விநாடிக்கு மேல் செய்யாதே என்று போட்டிருக்கிறார்கள். இங்கே அதையே நாள் முழுக்கச் செய்கிறார்கள். லிவரிலேயே டிரான்ஸ்மிஷனைத் துண்டிக்க ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்திவிட்டுப் பக்கெட்டைத் தூக்கினால் போதும். கடன் வாங்கி ஒரே மெஷின் வைத்திருப்பவருக்கு, கன்வெர்ட்டர் வேலைக்காக வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். தவறான தீர்ப்பால் மிக அதிகம் அடிபடுவது அவர்தான்.

வெட்டச் சொல்வதற்கு என் தொழில்காரர்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சில் மாற்று வாங்கும்போது பழையதை முழுசாகக் கொடுத்தால்தான் அதற்கு விலை கிடைக்கும். வெட்டினால் அந்த விலை போய்விடும். உண்மைதான். அதனால் அந்த விலை எவ்வளவு என்று கஸ்டமரிடம் சொல்லி, வெட்டிப் பார்ப்பதா வேண்டாமா என்று அவரையே முடிவு செய்ய விடுங்கள். இப்போது நடப்பது, சாட்சி பெட்டிக்குள் போய் லாரி ஏறிவிடுகிறது, பிறகு எவரும் எதையும் நிரூபிக்க முடியாது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில், வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிட்டால், மாற்றிய பழைய பாகத்தைக் கஸ்டமரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வாரன்டிக்காகக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய பாகமானாலும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். இந்த ஒரு பிரிவு நமக்கு வந்தால் போதும்.

மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. அதே வருஷம் டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். அதைச் சட்டமாக்கும்போது பழைய பாகம் உரிமையாளருடையது என்ற வரியைச் சேர்க்க வேண்டும். கிளியரன்ஸ், கழுத்தின் ஆட்டம், ஆயில் அளவு போன்ற எண்கள் இருக்கும் சர்வீஸ் புத்தகத்தை எந்தப் பட்டறையும் நியாயமான விலைக்கு வாங்க முடியும்படி செய்ய வேண்டும். எண் தெரியாமல் நல்ல வேலை செய்ய முடியாது.

அதுவரைக்கும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளில் குறை என்று புகார் வந்து, சோதித்தால்தான் தெரியும் என்றால், மாதிரியைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு உண்டு. வழக்குப் போடுகிறவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பது எல்லைக்காரர்களுக்குப் பெரிய வசதி. பாறசாலைக்காரர் களியக்காவிளைப் பட்டறை மேல் திருவனந்தபுரத்திலும், நாம் நெய்யாற்றின்கரைப் பட்டறை மேல் நாகர்கோவிலிலும் போடலாம். ஆனால் சோதிக்கப் பொருள் கையில் இருக்க வேண்டும். பழைய கன்வெர்ட்டரை விட்டுவிட்டு ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு எந்த ஆணையமும் உதவ முடியாது.

பில்லில் "கன்வெர்ட்டர் ரீகண்டிஷன்" என்று ஒரே வரி எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். என்ன கெட்டிருந்தது, எந்த லைனிங் போட்டார்கள், உள் கிளியரன்ஸ் எவ்வளவு, கழுத்து எத்தனை மில்லிமீட்டர் ஆடுகிறது, காற்று அடைத்து லீக் பார்த்தார்களா, பேலன்ஸ் செய்தார்களா, கூலர் கழுவினார்களா என்று எழுதி வாங்குங்கள். இதை எழுதிக் கொடுக்கிற பட்டறை ஆறு மாச கியாரண்டி கொடுத்தாலும் அங்கே போங்கள். இரண்டு வருஷ கியாரண்டி அட்டை மட்டும் கொடுக்கிற இடத்தை நான் நம்ப மாட்டேன். மாட்டியவர் தவறு, ஆயில் தவறு, ஓட்டியவர் தவறு என்று அந்த அட்டையின் பின்பக்கத்திலேயே தப்பிக்க வழி அச்சடித்திருக்கும்.

பையன்களைப் பற்றியும் எனக்குக் கவலை இருக்கிறது. என்னிடம் வேலைக்கு வரும் ஐ.டி.ஐ. பையன்களுக்கு கன்வெர்ட்டரின் படம் தெரியும், பரீட்சையில் வரையவும் செய்வார்கள். வெட்டிய ஒன்றைக் கையில் பிடித்த பையன் அபூர்வம். ஒன்வே கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்று விரலால் திருப்பிப் பார்க்கும் அந்த அரை நிமிஷத்தில் அவர்கள் முகம் மாறுவதை நான் பார்க்கிறேன். நீலம் பாரித்த மூடி, தகடாகப் பெயர்ந்த லைனிங், மடிந்த இம்பெல்லர் தகடு, நொறுங்கிய பேரிங், இறுகிய ஸ்டேட்டர் என்று கோளாறு வாரியாக வெட்டியவற்றை, உரிமையாளர்கள் சம்மதத்தோடு, என் பட்டறை அலமாரியில் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். நாகர்கோவில் கோணத்தில் இருக்கும் அரசு ஐ.டி.ஐ. உள்பட, இந்த மாவட்டத்தில் மோட்டார் மெக்கானிக் வகுப்பு நடத்தும் எந்த நிறுவனத்துக்கும் அவற்றைக் காசு வாங்காமல் தருகிறேன். கொண்டுபோக ஒரு ஆட்டோ போதும். முதல் வகுப்புக்கு நானும் வருகிறேன்.